போட்டோஸ்டேட் மெஷின் பக்கம்: புதுசைத் திறந்து பார்த்தவர்கள் சொல்வது

போன இதழில், பழைய மெஷினைக் கை கழுவும் முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பழசில் அக்கறையே இல்லை. புதுசாக வந்திருப்பதில் எதை வாங்கலாம், ரிப்பேர் பார்க்கிற ஆட்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். சரி, நான் ஒருவன் சொல்லி, அதை நம்பி நீங்கள் வாங்கி, நாளைக்கு என்னைத் திட்ட வேண்டாம் என்று போன சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வாழையிலைக் கடையில் மூன்று பேரை உட்கார வைத்துப் பேசினேன். ஒருவர் பெட்டாலிங் ஜெயாவில் பெரிய டீலர் ஒருவரிடம் இருபது வருடமாக இருப்பவர். இன்னொருவர் கிள்ளானில் ரீகண்ட் மெஷின்களை, அதாவது பழசைச் சரி செய்து விற்கிறவற்றை, பிரித்துச் சேர்ப்பவர். கண்டெய்னரில் வந்து இறங்கும் மெஷினின் வாசனையை வைத்தே அது எந்த நாட்டு ஆபீசில் இருந்தது என்று சொல்வேன் என்பார், நான் நம்புவதில்லை. மூன்றாவது ஒரு தம்பி, ஸ்குரு டிரைவரை மறந்தாலும் மறப்பார், லேப்டாப்பை மறக்க மாட்டார். அவர்கள் சொன்னதும் என் கருத்தும் கலந்ததுதான் இந்த மாதப் பதில்கள்.

அண்ணே, எங்கள் வக்கீல் ஆபீசுக்குப் புது கலர் மெஷின் வாங்கப் போகிறோம். மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது, நிமிடத்துக்கு 25 பக்கம், 35 பக்கம், 45 பக்கம். முதலாளி 45-ஐத்தான் பார்க்கிறார். எது நல்லது?
— ஆபீஸ் கிராணி (குமாஸ்தா), பிரிக்பீல்ட்ஸ்

முதலில் அந்த எண்களை ஓரமாக வையுங்கள். 200 பக்கம் எடுக்க 25-க்கு எட்டு நிமிடம், 45-க்கு நாலரை நிமிடம். அந்த மூன்றரை நிமிடத்துக்குள் யாராவது ஓர் அஃபிடவிட்டை ஸ்டேப்பிள் கழற்றாமல் ஃபீடரில் (மேலே தாளைத் தானாக இழுக்கும் பகுதி) போட்டு மெஷினையே நிறுத்தியிருப்பார்கள். வக்கீல் ஆபீசில் மெஷின் வேகத்தால் நேரம் போவதில்லை, நின்று போனால்தான் போகிறது. நின்ற மெஷின் எத்தனை நிமிடத்தில் மறுபடி ஓடும் என்பதைக் கொட்டேஷனில் எவனும் போட மாட்டான்.

நாங்கள் ஒரு புது மெஷினைப் பார்த்தால் முதலில் முன் கதவைத் திறப்போம், அப்புறம் வலப் பக்கக் கதவு. டிரம் (படம் பதியும் உருளை) கையால் இழுத்தால் வருகிறதா, வேஸ்ட் டோனர் (மிச்ச மைத்தூள்) டப்பா முன்னாலேயே இருக்கிறதா, மைத்தூளைச் சூட்டில் தாளோடு ஒட்ட வைக்கும் ஃபியூசரை எத்தனை ஸ்குரு பிடித்திருக்கிறது, இதுதான் கண்ணில் படும். இந்த விஷயத்தில் கடந்த ஐந்தாறு வருடத்தில் வந்த மெஷின்களை மூன்று பேருமே பாராட்டினார்கள். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் டெவலப்பர் (டோனரை டிரம்முக்குக் கொண்டு போகும் பவுடர்) மாற்றுவதென்றால் தரையில் பேப்பர் விரித்து, யூனிட்டைப் பிரித்து, பழைய பவுடரைக் கொட்டி, புதுசை ஒரே அளவாகத் தூவி, மூடி, பிறகு அளவு சரி செய்ய வேண்டும். அந்தப் பவுடரில் இரும்புத் துகள் உண்டு. வீட்டுக்குப் போனால் கால்சட்டை மடிப்பிலிருந்து கறுப்பாகக் கொட்டும், மனைவி வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். இப்போது டிரம்மும் டெவலப்பரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ பெட்டி போல வந்துவிடுகின்றன. பழசை இழு, புதுசைத் தள்ளு, பத்து நிமிடம்.

அதில்தான் வாக்குவாதம் வந்தது. பெட்டாலிங் ஜெயா அண்ணன், 'நல்லதுதானே, ஒரு நாளைக்கு நாலு இடம் போன நான் இப்ப ஏழு இடம் போறேன்' என்றார். கிள்ளான்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, 'ஒரு பிளேடு தேஞ்சா பிளேடை மாத்தினோம், இப்ப அதுக்கு முழு யூனிட்டையும் தூக்கிப் போடச் சொல்றான், யார் காசு?' என்று கேட்டார். தம்பி குறுக்கே வந்து, 'யூனிட்டு கூடப் பரவாயில்லண்ணே, அதுல ஒட்டியிருக்கிற சிப்புதான் விலை' என்றார். மூன்றும் உண்மை. உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது என்ன என்றால், வாடகை ஒப்பந்தத்தில் எடுத்தால் அந்தப் பெட்டி டீலர் தலையில், சொந்தமாக வாங்கினால் உங்கள் தலையில். ஆகவே சொந்தமாக வாங்குகிறவர் மெஷின் விலையோடு டிரம் யூனிட், ஃபியூசர், டிரான்ஸ்ஃபர் பெல்ட் (டோனர் படத்தைத் தாளுக்குக் கொண்டு போகும் பட்டை) மூன்றுக்கும் இன்றைய விலை எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு உங்கள் முதலாளியே 45-ஐ மறந்துவிடுவார்.

கம்பெனி பெயரோடு கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம். கேனன் 2024-இல் கொண்டு வந்த இமேஜ்ஃபோர்ஸ் சி7165-இல் லேசர் கிடையாது, அதற்குப் பதில் ஓஎல்இடி அச்சுத் தலை, சின்னச் சின்ன விளக்குகளின் வரிசை. லேசரில் இருக்கும் சுழலும் கண்ணாடியும் அதைச் சுற்றும் மோட்டாரும் இல்லை என்றால் கெடுவதற்கு இரண்டு பொருள் குறைவு, அது எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் இந்த வகைத் தலை டிரம்முக்கு மிக அருகில் உட்காரும், டோனர் தூசி படிந்தால் தாளில் வெள்ளைக் கோடு விழும். தலையைத் துடைக்கிற குச்சி எங்கே இருக்கிறது என்று மெஷின் இறக்குகிற அன்றே கேட்டு வையுங்கள். எப்சன் ஏஎம்-சி வரிசை 2023-இல் வந்தது, அது இங்க்ஜெட். டிரம் இல்லை, சூடு பண்ணும் ஃபியூசரும் இல்லை, மாற்ற வேண்டிய பொருள் மிகக் குறைவு. கிள்ளான்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு 'எனக்கு இங்க வேலையே இல்லையே' என்றாராம், வருத்தமாகவா சந்தோஷமாகவா என்று கேட்க மறந்துவிட்டேன். கியோசெராவின் பெரிய மெஷின்களில் அமார்ஃபஸ் சிலிக்கன் டிரம், மிகக் கெட்டியானது, 600,000 பக்கம் வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்லும் ரகங்கள் உண்டு. அந்த வகை டிரம் ஈரப்பதத்தில் சில நாள் காலையில் எழுத்தைக் கலங்கலாக எடுக்கும். மெனுவில் டிரம் ரிஃப்ரெஷ் என்று இருக்கும், ஓட விட்டால் தெளிந்துவிடும். அதற்கெல்லாம் சர்வீஸ் கால் போட்டு எங்களை நெரிசலில் ஓட விடாதீர்கள்.

இன்னொரு விஷயம், இது கொட்டேஷனில் வராது. ரிக்கோவும் தோஷிபா டெக்கும் 2024 ஜூலையில் எட்ரியா என்று ஒரே உற்பத்தி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டன, பொதுவான எஞ்சின், அதாவது உள்ளே அச்சடிக்கும் பகுதி, செய்வதுதான் நோக்கம். ஃபுஜி ஜெராக்ஸ் என்ற பெயரே 2021 ஏப்ரலில் போய் ஃபுஜிஃபில்ம் பிஸினஸ் இன்னோவேஷன் ஆனது. ஆக, வெளியே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துச் சண்டை போடுவதில் அர்த்தம் குறைந்துகொண்டே வருகிறது. நான் சொல்வேன், விற்க வருகிறவரிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: 'அடுத்த தடவை வரும்போது எங்களுக்கு சர்வீஸ் பார்க்கப் போகிற ஆளைக் கூட்டி வாங்க.' கூட்டி வந்தால், அவரிடம் ஷோரூம் மெஷினில் ஃபியூசரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் கழற்றினால் வாங்கலாம். ஃபோனை எடுத்து யாருக்காவது அழைத்தால் அந்தக் கம்பெனியின் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம்.

ஐயா, எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் புது மெஷின் வாங்கிக் கொடுத்தது. காலையில் முதல் அரை மணி நேரம் ஒரே ஜாம், எடுக்கிற தாள் எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு வருகிறது. பத்து மணிக்கு மேல் சரியாக ஓடுகிறது. டெக்னீஷியன் வரும்போதெல்லாம் பதினொரு மணி, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.
— ஆசிரியை, செலாயாங்

டீச்சர், உங்கள் மெஷினுக்கு நோயே இல்லை. தாளுக்குத்தான் ஜலதோஷம்.

நம் ஊர்க் காற்றில் தாள் இரவு முழுக்க ஈரம் குடிக்கும். ஈரத் தாள் ஃபியூசரில் நுழைந்ததும் ஒரு பக்கம் சட்டென்று காயும், சுருளும், போகிற வழியில் மாட்டும். இதற்காகவே நிறைய மெஷின்களில் தாள் தட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும், சிலவற்றில் தனியாகக் கேட்டுப் போட வேண்டும். மெஷின் தூங்கும்போது அந்த ஹீட்டர் இளஞ்சூட்டில் தாளைக் காய வைக்கும். ஆனால் அது வேலை செய்ய சுவர் சுவிட்ச் ஆனிலேயே இருக்க வேண்டும்.

இதே கதையை நான் வேறொரு பள்ளியில் பார்த்தேன். மூன்று தடவை போய் ரோலர் துடைத்து, ரோலர் மாற்றி, ஒன்றும் ஆகவில்லை. நாலாவது தடவை வெறுத்துப்போய் காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். ஆபீஸ் கதவு திறந்ததும் கிராணி முதல் வேலையாகச் சுவர் சுவிட்சைப் போட்டார். 'ராத்திரி யாரும்மா அடைக்கிறது?' என்றேன். 'காவல்காரர் பாக் கார்ட் அடைப்பாரு, தலைமையாசிரியர் கரண்டு மிச்சம் பண்ணச் சொன்னாரு' என்றார். அவ்வளவுதான். தட்டை இழுத்து உள்ளே கை வைத்துப் பார்த்தேன், தாள் ஜில்லென்று, கிட்டத்தட்ட துணி போல இருந்தது. சுவிட்சுக்கு மேலே ஒரு தாளில் மலாயில் 'அடைக்காதீர்' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். இன்று வரை அங்கே அந்தப் புகார் இல்லை.

உங்கள் மெஷினில் ஹீட்டர் இருக்கிறதா, அதன் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று டெக்னீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், காலை எட்டுக்கு முன் வரச் சொல்லுங்கள். மிச்சமான ரீமை அதன் உறையிலேயே மடித்து வையுங்கள், தரையில் வேண்டாம். அப்புறம், 400 பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் எடுப்பதை இந்தக் கலர் மெஷினில் செய்யாதீர்கள். பள்ளியில் ரைசோ என்ற ஸ்டென்சில் நகல் மெஷின் இருக்கும், மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். ஒரே தாளை நூற்றுக்கணக்கில் எடுக்க அதைப் போல மலிவானது வேறில்லை.

மேலே ஃபீடரில் போட்டால் மட்டும் நடுவில் கறுப்புக் கோடு வருகிறது. கண்ணாடியில் வைத்தால் வருவதில்லை. டிரம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— காப்புறுதி முகவர், காஜாங்

மாற்ற வேண்டாம். டிரம் போயிருந்தால் கண்ணாடியில் வைத்தாலும் கோடு வரும். பெரிய கண்ணாடிக்கு இடப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் லிக்குவிட் பேப்பர் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும், மிளகு அளவு கூட இருக்காது. தாள் நகர, பொட்டு நகராமல் இருக்க, புள்ளி கோடாகிவிடுகிறது. நகத்தால் சுரண்டாதீர்கள், துணியில் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். 'டிரம் மாற்ற வேண்டும்' என்று சொன்னவரை அடுத்த முறை மாற்றுங்கள்.

புதுசு வாங்க வசதி இல்லை. மூன்று வருடம் ஓடிய ரீகண்ட் மெஷின் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. டியூஷன் சென்டருக்கு அது போதாதா?
— டியூஷன் சென்டர் நடத்துபவர், கெப்போங்

போதும். கறுப்பு வெள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்வேன். கலருக்குக் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

ரீகண்டில் முதல் கேள்வி, எந்த நாட்டிலிருந்து வந்தது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, இங்கே 230-240. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்றால் வோல்ட் ஒத்துப்போகும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். மற்றவை என்றால் பவர் போர்டும் ஃபியூசர் விளக்கும் மாற்றினார்களா, இல்லை வெளியே ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் தப்பில்லை, ஆனால் டியூஷன் பிள்ளைகள் கால் படும் இடத்தில் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, டிரம், டோனர் கிடைக்குமா, கிடைத்தாலும் மெஷின் ஏற்றுக்கொள்ளுமா. இதுதான் இப்போது பெரிசு, அதைப் பற்றி எனக்குக் கோபமும் உண்டு. புது மெஷின்களில் டோனர், டிரம் எல்லாவற்றிலும் சிப். சில கம்பெனிகள் அதில் எந்த நாட்டுக்கு என்பதையும் எழுதிவிடுகின்றன. போன வருடம் ஒரு ரீகண்ட் மெஷினுக்கு நான் ஒரு டிரம் யூனிட் போட்டேன். போலி இல்லை, அதே கம்பெனியின் ஒரிஜினல், பெட்டி பிரிக்காதது. மெஷின் அதைப் பார்த்துவிட்டு 'அடையாளம் தெரியவில்லை' என்றது. கம்பெனிக்கு ஃபோன் அடித்தால், மெஷின் இந்த நாட்டில் விற்றது இல்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பழைய யூனிட்டிலிருந்து சிப்பைக் கழற்றி, ஒரு கடலை பருப்பு அளவு பச்சைப் போர்டு, புது யூனிட்டில் ஒட்டினேன். ஓடியது! ஆனால் கணக்கு பழசுதான், புது டிரம்மை 'தேய்ந்துவிட்டது' என்று தினமும் எச்சரித்துக்கொண்டே ஓடியது. கடைக்காரர் அந்த எச்சரிக்கையின் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

மூன்று பேரும் ஒரே குரலாகச் சொன்ன இன்னொன்று இது. கையால் திறப்பதற்கு இன்றைய மெஷின் முன்னைவிட எளிது, உள்ளே இருக்கும் மென்பொருளைத் திறப்பதுதான் வர வரக் கஷ்டம். முன்பெல்லாம் சர்வீஸ் மோடுக்கு (டெக்னீஷியனுக்கான மறைவான மெனு) போக எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்போம். சில புது மாடல்களில் கம்பெனி கணக்கும் லேப்டாப்பும் இல்லாமல் உள்ளே போகவே முடிவதில்லை. டீலர் ஆளாக இருக்கும் அண்ணனுக்கு அதில் பிரச்சினை இல்லை. சொந்தமாகக் கடை வைத்திருக்கும் நானும் கிள்ளான்காரரும்தான் வாசலில் நிற்கிறோம். ஆகவே ரீகண்ட் வாங்கினால், கொடுக்கிறவரே டிரம்மும் டோனரும் தொடர்ந்து தருவார் என்று எழுதி வாங்குங்கள். கொஞ்சம் பழைய மாடலாக, சந்தையில் நிறைய ஓடுகிற மாடலாக இருந்தால் இன்னும் நல்லது, செத்த மெஷின்களிலிருந்து சாமான் கிடைக்கும்.

திரையில் ஃபியூசர் கோட் (பிழை எண்) வந்து மெஷின் பூட்டிக்கொண்டது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் போகவில்லை. ஆள் வந்து என்னமோ அழுத்தினார், சரியாகிவிட்டது, 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். வேண்டுமென்றே பூட்டி வைக்கிறார்களா?
— அச்சகக்காரர், ரவாங்

பூட்டுவது வேண்டுமென்றேதான், ஆனால் உங்கள் 120 வெள்ளிக்காக இல்லை. ஃபியூசர் 150 முதல் 200 டிகிரி வரை சூடாகிற பொருள், பக்கத்திலேயே தாள் ஓடுகிறது. சூடு அளவு மீறினாலோ, சூட்டை அளக்கும் சென்சார் தப்பாகச் சொன்னாலோ மெஷின் தன்னையே நிறுத்திக்கொள்ளும், ஒரு மனிதர் வந்து பார்க்கும் வரை திறக்காது. ரிக்கோவில் எஸ்சி 5 வரிசை, கேனனில் இ000, எல்லாம் இந்தக் குடும்பம். இங்கே பூட்டை நான் ஆதரிக்கிறேன். ஆனால் வந்தவர் ஃபியூசரைத் திறந்து பார்க்காமல் அந்தப் பிழை எண்ணை மட்டும் அழித்துவிட்டுப் போனார் என்றால் அதுதான் தப்பு. ஏன் வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் மறுபடியும் வரும்.

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து ஸ்கேன் பண்ணினால் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்குப் போகவில்லை. மெஷின்காரர் கம்ப்யூட்டர்காரரைச் சொல்கிறார், கம்ப்யூட்டர்காரர் மெஷின்காரரைச் சொல்கிறார்.
— கணக்காளர், ஜாலான் ஈப்போ

இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் ஆபீஸ் நிற்கிறது, தெரியும். இதற்கு எங்கள் தம்பியே பதில் சொன்னார். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. அதிலிருந்து ஃபோல்டர் பகிர்வில் கையொப்பச் சோதனை கட்டாயமாகிவிட்டது, பாஸ்வேர்ட் இல்லாத விருந்தாளிக் கணக்கும் புரோ பதிப்பில் மூடப்பட்டுவிட்டது. பழைய மெஷின்கள் பல எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபோல்டர் பகிர்வு முறையில்தான் பேசும், விண்டோஸ் அதை 2017-லிருந்தே புதிதாகப் போடும்போது சேர்ப்பதில்லை. தம்பி சொல்லும் வழி: கம்ப்யூட்டரில் ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு பயனர், அதற்கு பாஸ்வேர்ட், மெஷினின் முகவரிப் புத்தகத்தில் அதே பெயரும் பாஸ்வேர்டும். அப்படியும் போகவில்லை என்றால் மெஷினுக்கு ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்) புதுப்பிக்க வேண்டும். விண்டோஸ் பாதுகாப்பைத் தளர்த்தி வைக்கிற குறுக்கு வழியும் உண்டு, கணக்காளர் ஆபீசில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஜிமெயிலுக்கு ஸ்கேன் போகவில்லை என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 2022-இல் கூகுள் சாதாரண பாஸ்வேர்டில் உள்ளே விடுவதை நிறுத்தியது. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, ஆப் பாஸ்வேர்ட் (கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்ட்) ஒன்று எடுத்து, அதை மெஷினில் கொடுங்கள்.

புது மெஷின் வாங்குகிறவர்கள் இதையும் ஞாபகம் வையுங்கள், இப்போது எனக்கு வரும் அழைப்புகளில் ஜாமை விட ஸ்கேன்தான் அதிகம். அந்தக் கழற்றிக் காட்டச் சொன்ன டெக்னீஷியனிடம் ஸ்கேன் ஃபோல்டர் ஒன்றும் அமைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நாங்கள் கலரே எடுப்பதில்லை. மாதா மாதம் பில்லில் கலர் 600, 700 பக்கம் என்று வருகிறது. ஏமாற்றுகிறார்களா?
— கிளினிக் வரவேற்பாளர், அம்பாங்

மீட்டர் பொய் சொல்வது அபூர்வம். உங்கள் லெட்டர் ஹெட்டில் லோகோ நீலத்தில் இருக்கிறதா? அந்தக் கட்டை விரல் அளவு லோகோவுக்காக முழுப் பக்கமும் கலர் கிளிக், அதாவது மீட்டரில் ஒரு கலர் பக்கக் கணக்கு. மின்னஞ்சல் அச்செடுத்தால் கீழே கோடிட்ட நீல எழுத்து ஒன்று, அதுவும் கலர். கம்ப்யூட்டரில் பிரிண்டர் அமைப்பைக் கறுப்பு வெள்ளை என்று வைத்துவிட்டு, கலர் வேண்டும்போது மட்டும் மாற்றுங்கள். ஏ3 தாளை இரண்டு கிளிக்காக எண்ணுகிற ஒப்பந்தமும் உண்டு, படித்துப் பாருங்கள். படிக்கும்போதே, எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற வரியையும் தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். நானே அதில் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன், போட்டோஸ்டேட்டில் இல்லை, தண்ணீர் வடிகட்டியில்.

புதுசு வந்ததும் பழைய மெஷினை டீலரே எடுத்துக்கொள்கிறார். அதில் எங்கள் தாள்களின் நகல் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?
— அதே பிரிக்பீல்ட்ஸ் கிராணி

உண்மை. உள்ளே ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி இருக்கும், எடுத்தது, ஸ்கேன் செய்தது அதில் தங்கும். 2010-இல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிக்காரர்கள் பழைய மெஷின் நாலு வாங்கி டிஸ்க்கைத் திறந்தார்கள். போலீஸ் பதிவுகள் ஒன்றில், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிகள் விவரம் இன்னொன்றில். அந்தக் காப்பீட்டு நிறுவனம் 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. இங்கேயும் 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூன் முதல் தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

புது மெஷின்களில் டிஸ்க்கை முழுக்க அழிக்கும் வசதி பெரும்பாலும் கூடவே வருகிறது. மெஷின் லாரியில் ஏறுவதற்கு முன், உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், அழித்ததற்கான அறிக்கைத் தாளை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். 'கடைக்குப் போய் அழிச்சிடுறேன் அக்கா' என்றால் விடாதீர்கள்.

தமிழ்நாட்டு உறவினர் 'ஜெராக்ஸ்' என்கிறார், நாம் 'போட்டோஸ்டேட்' என்கிறோம். எது சரி?
— வாசகர், பத்துமலை

இரண்டுமே கம்பெனிப் பெயர், இரண்டுமே சரி இல்லை, இரண்டுமே புரியும். போட்டோஸ்டேட் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த, தாளைப் படம் பிடிக்கும் கேமரா போன்ற பெரிய கருவியின் பெயர். மலாயில் ஃபோட்டோஸ்டாட் ஆகி நம் வாயில் உட்கார்ந்துவிட்டது. இன்றைய மெஷின் வேலை செய்யும் முறையோ செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-இல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செய்து பார்த்தது. அதை வைத்து ஜெராக்ஸ் 914 வந்தது 1959-இல். ஆக, பெயர் பழைய மெஷினுடையது, வேலை புது மெஷினுடையது. உறவினரிடம் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்.

மகனுக்கு இந்த வேலையில் ஆர்வம். போகலாமா? தாளே இல்லாமல் போகப் போகிறது என்கிறார்களே?
— ஒரு தகப்பனார், ஷா ஆலாம்

தாள் குறைகிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளும் குறைகிறது. எங்கள் மேசையில் இருந்த நால்வரில் மூன்று பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மகனை மெஷின் மட்டும் கற்றுக்கொள்ள விடாதீர்கள், நெட்வொர்க்கும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அன்று பில் வந்தபோது நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், தம்பி மட்டும் போனில் கிள்ளானில் இருக்கும் ஒரு மெஷினின் ஸ்கேன் முகவரியைச் சரி செய்துகொண்டிருந்தார். இடத்தை விட்டு எழாமல், இடது கையால். பில்லையும் அவர்தான் கட்டினார்.

மெஷின் திடீரென்று செத்தது. திறந்து பார்த்தால் உள்ளே பல்லி. வாரண்டி உண்டா?
— வாசகி, ஸ்தாப்பாக்

பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் உண்டு, தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று. பவர் போர்டில் விழுந்தால் என்ன என்று அதில் இல்லாததால் நான் சொல்கிறேன்: பல்லிக்கு மரணம், உங்களுக்குத் தனச்செலவு. நான் பார்த்த வாரண்டிகளில் பூச்சி, எலி, பல்லி எல்லாம் விலக்குப் பட்டியலில்தான். பின்னால் இருக்கும் காற்றுத் துளையை மூடாதீர்கள், சூடேறும். மெஷினைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பக்கத்தில் மைலோவும் பிஸ்கட்டும் வைக்காதீர்கள். எறும்பு வந்தால் பல்லி வரும்.